உப்புத் தண்ணியும் மேக்காத்தும்: ஐந்து சென்ட்டில் பூவும் புல்லும்

நான் பிறந்து வளர்ந்தது கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில். கொடிவேரி அணையில் பிரிந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் ஓடியது. அம்மா பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) எந்தக் குச்சியை உடைத்து ஊன்றினாலும் பத்து நாளில் துளிர்த்துவிடும். செவ்வந்தி, கனகாம்பரம், முல்லை, மருக்கொழுந்து எல்லாம் வீட்டிலேயே இருந்ததால் தலைக்கு வைக்கக் கடையில் பூ வாங்கிய ஞாபகமே எனக்கு இல்லை. கல்யாணமாகிப் பல்லடம் பக்கம் வந்தபோது, செடி வளர்ப்பது எனக்குத் தெரிந்த வேலை என்றுதான் நினைத்திருந்தேன்.

2016இல் பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவே ஐந்து சென்ட்டில் வீடு கட்டினோம். வீடு போக மேற்கிலும் வடக்கிலுமாக ஒன்றே கால் சென்ட் மண் மிஞ்சியது. (எங்கள் பக்கம் தோட்டம் என்றால் கிணறு வெட்டிப் பண்ணையம் பார்க்கிற பூமி. வீட்டைச் சுற்றி இருப்பதைத் தோட்டம் என்று நான் சொன்னால் அத்தை "செடிகொடின்னு சொல்லு கண்ணு" என்பார்.) அந்த வருஷம் ஆனி மாதம் நர்சரியிலிருந்து 42 செடிகள் வாங்கி வந்தோம். ரோஜா, இட்லிப்பூ, செம்பருத்தி, குரோட்டன்ஸ், புதினா, போதாததற்குச் சதுரம் சதுரமாக வெட்டி விற்கும் புல்தரை. அடுத்த பங்குனியில் எண்ணிப் பார்த்தபோது உயிரோடு இருந்தவை 9. "தண்ணி கட்டறயா அம்மணி?" என்று அம்மா போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். தவறாமல் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். அந்தத் தண்ணீரே ஒரு காரணம் என்று அப்போது தெரியவில்லை.

முதல் காரணம் காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் இருக்கிற பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியில் கிளம்பும் மேக்காத்து ஆவணி வரைக்கும் நிற்காது. பல்லடம், பொங்கலூர், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். மழை வேறு அந்த மாதங்களில் எங்களுக்குப் பெரிதாகக் கிடையாது. மேற்கே மலையில் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. இலையில் இருக்கிற ஈரத்தை அது உறிஞ்சுகிற வேகத்துக்கு, புதிதாக நட்ட செடியின் வேர் ஈடுகொடுக்க முடியாது. காலையில் தண்ணீர் விட்ட ரோஜா மத்தியானத்துக்குள் துவண்டு தொங்கும். மண்ணைத் தொட்டால் ஈரமாகத்தான் இருக்கும். நான் அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் தண்ணீர் விட்டேன். வேர் அழுகியதுதான் மிச்சம்.

காற்றைத் தடுக்க மேற்குக் காம்பவுண்டுச் சுவரை இரண்டு அடி உயர்த்தினோம். 18,000 ரூபாய் செலவு. அதற்கப்புறம்தான் தொட்டிகள் அதிகமாகச் சாய்ந்தன. சுவரில் மோதுகிற காற்று மேலே ஏறி, சுவரைத் தாண்டியதும் சுழன்று கீழே விழுகிறது. செடிகளை வைத்திருந்தது சரியாக அந்த இடத்தில். பாதிக் காற்றை உள்ளே விட்டுப் பாதியைத் தடுக்கிற உயிர்வேலிதான் சரியான தடுப்பு. அது காற்றின் வேகத்தைக் குறைக்கிறது, சுழல விடுவதில்லை. காங்கேயம் பக்கம் காட்டைச் (மானாவாரி நிலத்தைக் காடு என்போம்) சுற்றி முள்கிளுவை வேலி போட்டிருப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், அது ஆடு மாட்டுக்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது எங்கள் மேற்குச் சுவருக்கு உள்பக்கம் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) ஓரடி இடைவெளியில் நட்டு, சுவருக்கு மேல் மூன்றடி வளர விட்டிருக்கிறோம். அதன் நிழலில் நிற்பவைதான் மென்மையான செடிகள்.

நடுகிற மாதத்தையும் மாற்றிக்கொண்டேன். ஆடிப் பட்டம் தேடி விதை என்பது வயலுக்குச் சொன்னது. வீட்டில் தண்ணீர் ஊற்றி வளர்க்கிற பூங்கன்றுக்கு எங்கள் ஊரில் ஆனியும் ஆடியும் மோசமான மாதங்கள். புரட்டாசி பாதிக்கு மேல் காற்று ஓய்ந்துவிடும், ஐப்பசியில் வடகிழக்கு மழை வந்துவிடும். அப்போது நட்டால் அடுத்த வைகாசிக்குள் வேர் பிடிக்க ஏழு மாதம் கிடைக்கிறது. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு செத்துப்போன செடிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அடுத்தது தண்ணீர். எங்கள் போர்வெல் 850 அடி ஆழம். வாட்டர் ஃபில்டர் மாட்ட வந்த தம்பி மீட்டரை விட்டுப் பார்த்து, கரைந்த உப்பு லிட்டருக்கு 1,700 மில்லிகிராம் என்றார். குடிதண்ணீரில் 500க்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது அரசாங்கத் தர அளவு. தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் படிவதும் இலை நுனி கருகுவதும் இந்த உப்பினால்தான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் வேர்ப்பகுதியிலேயே தங்கும். நாள்விட்டு நாள், தொட்டியின் அடியில் ஒழுகுகிற அளவுக்கு ஒரே தடவையாக ஊற்றுவது மேல். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் கழுவி இறக்கிவிட வேண்டும். ஃபில்டரிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுபவர்களைப் பார்க்கிறேன். அதில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும், தயவுசெய்து வேண்டாம்.

நல்ல தண்ணீருக்கு மொட்டை மாடிதான் வழி. ஆயிரம் சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு சின்டெக்ஸ் தொட்டிகள் நிரம்பிவிடும். அதை மூடி வைத்துப் புதினா, ரோஜா, நாற்றுகள் ஆகியவற்றுக்கு மட்டும் மாசி வரைக்கும் ஓட்டுகிறேன்.

மண்ணும் இதற்குச் சளைத்ததில்லை. மேலே ஓரடி கிராவல், அதற்குக் கீழே சுக்கான் கல். சுண்ணாம்பு நிறைந்த இந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. நரம்பு பச்சையாக இருக்க, நடுவில் இலை வெளுத்து மஞ்சளாவது அதன் அடையாளம். இட்லிப்பூவும் மல்லிகையும் முதலில் காட்டும். அன்னபேதியை (இரும்பு சல்பேட் உப்பு) மண்ணில் போட்டுப் பார்த்தேன், பலனில்லை, சுண்ணாம்பு அதையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, அரை மூடி எலுமிச்சைச் சாறு, இரண்டையும் நல்ல தண்ணீரில் கலந்து பொழுதோட (சாயங்காலம்) இலையில் தெளித்தேன். மாதம் ஒருமுறை, மூன்று மாதத்தில் மல்லிகை பச்சைக்கு வந்தது. இட்லிப்பூ தேறவில்லை. அதைப் பிடுங்கிவிட்டேன். ஒரு செடியை உயிரோடு வைக்க வருஷம் பூராவும் மருந்து தெளிக்க வேண்டியிருந்தால், அது அந்த மண்ணுக்குரிய செடி இல்லை என்பது என் முடிவு.

நர்சரிச் செடி வாங்குபவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆந்திராவிலிருந்து வருகிற பல செடிகள் களிமண் உருண்டையோடு வருகின்றன. அதை அப்படியே கிராவலில் புதைத்தால், சுற்றியுள்ள மண் நனைந்தாலும் உருண்டை காய்ந்து கல்லாகிவிடும், வேர் வெளியே வராது. நடுவதற்கு முன் பக்கெட் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வெளிப்பக்கக் களியை விரலால் மெதுவாக உதிர்த்துவிட்டு நட வேண்டும். தொட்டிக் கலவைக்குப் பொள்ளாச்சிப் பக்கமிருந்து தென்னை நார்க்கழிவு கட்டி மலிவாகக் கிடைக்கிறது. அதிலும் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்கிறேன். எருவை மட்டும் நன்றாக மக்கவிட்டுப் போடுங்கள். பச்சைச் சாணியோடு வந்த வேர்ப்புழு எனக்கு ஆறு செவ்வந்தியைத் தின்றது.

மண் காயாமல் மேலே பரப்புகிற மூடாக்கு போடாமல் எங்கள் ஊரில் எதுவும் நடக்காது. சருகு போட்டால் மேக்காத்து பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடும். தேங்காய் மட்டையைக் கவிழ்த்து நெருக்கமாக அடுக்கினால் நகராது, ஒன்றரை வருஷம் தாங்கும்.

புல் கதைக்கு வருகிறேன். வாங்கிய புல்தரையை ஒரு வருஷம் காப்பாற்றினேன். வாரத்துக்கு ஓர் அங்குலம் தண்ணீர் என்று வைத்தாலே 100 சதுர அடிக்கு 235 லிட்டர் ஆகிறது. எங்களிடம் இருந்தது 250 சதுர அடி. குடிதண்ணீர் வாரம் ஒருமுறை வரும் ஊரில் கிட்டத்தட்ட 600 லிட்டரை ஒவ்வொரு வாரமும் புல்லுக்கு ஊற்ற மனது ஒப்பவில்லை. உப்புத் தண்ணீரில் அது திட்டுத்திட்டாகக் காயவும் தொடங்கியது. எடுத்துவிட்டு, பிள்ளையாருக்கு ஆகட்டுமென்று ஒரு பாயளவு அருகம்புல்லை மட்டும் விட்டு வைத்தேன்.

மிச்ச இடத்துக்கு அழகுப்புல் வைக்கலாம் என்று நர்சரியில் ஊதாக் கதிர் விடுகிற ஃபவுண்டன் புல் நான்கு தொட்டி, தொட்டி 250 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். காங்கேயத்திலிருந்து அத்தை வந்திருந்தார். கொஞ்ச நேரம் கதிரைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, பணத்தக் குடுத்துப் புல்லையா வாங்கியாந்தே? நம்ம கொறங்காட்டுல மாடு மேயுதே கொழுக்கட்டை, அதாட்டத்தானே இருக்குது?" என்றார்.

"இது அழகுக்கு வெக்கறதுங்க அத்தை."

"அதும் அழகாத்தான் கண்ணு இருக்கும். மழை பேஞ்சு பத்து நாள் கழிச்சு வந்து பாரு."

அத்தை சொன்னது சரி. ஃபவுண்டன் புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் சென்க்ரஸ் என்கிற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. காங்கேயம் மாடுகள் மேய்கிற கொறங்காட்டில், வெள்வேல மரங்களுக்கு அடியில் கிளுவை வேலிக்குள் தலைமுறை தலைமுறையாக நிற்பது இந்தக் கொழுக்கட்டைதான். அந்த ஐப்பசியில் போய்ப் பார்த்தேன். மழைக்குப் பிறகு எழும்பிய கதிர்கள் இளம் ஊதாவும் வைக்கோல் நிறமுமாக, சாயங்கால வெயில் பின்னாலிருந்து படும்போது ஒவ்வொரு மயிரும் மின்னியது. காற்று அடிக்க அடிக்கக் காடு முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கொழுக்கட்டையை அதற்கு முன்பு நூறு தடவை தாண்டிப் போயிருப்பேன்.

விதையை உருவிக் கொண்டுவந்து உடனே விதைத்தேன், முளைத்தது நாலைந்துதான். புது விதைக்கு உறக்கம் உண்டு, சில மாதங்கள் காய்ந்து கிடந்த பிறகுதான் நன்றாக முளைக்கும். அடுத்த வருஷம் பழைய விதையை மணலோடு கலந்து, மண்ணின் மேலாகத் தூவி லேசாகக் கீறிவிட்டேன், ஆழம் போனால் வராது. இப்போது மேற்கு ஓரம் முழுக்க இரண்டடி இடைவெளியில் தூர் தூராக நிற்கிறது. முதல் வருஷத்துக்கப்புறம் தண்ணீரே விடுவதில்லை. கோடையில் காய்ந்து வைக்கோலாகத் தெரியும், அதையும் எனக்குப் பிடிக்கிறது. ஆவணிக் கடைசியில் அரையடி உயரம் விட்டு அறுத்துவிட்டால் மழைக்குப் புதிதாகக் கிளம்பும். அறுத்தது பக்கத்து வீட்டு எருமைக்குப் போகிறது. விதை பரவும் என்பதை மறைக்க மாட்டேன். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் இதே புல் தொல்லைக் களையாக இருக்கிறது. இங்கே இது மண்ணின் புல், இருந்தாலும் பாத்திக்குள் வராமலிருக்கக் கதிர் முற்றும்போது உருவிவிடுகிறேன்.

அதற்கப்புறம் செடி தேர்ந்தெடுக்கிற முறையையே மாற்றிக்கொண்டேன். சித்திரை வெயிலில் வண்டியில் போகும்போது, யாரும் தண்ணீர் விடாத இடத்தில் எது பச்சையாக நிற்கிறது, எது பூத்திருக்கிறது என்று பார்க்கிறேன். ஆவாரை அப்படிக் கண்ணில் பட்டதுதான். மருந்துக்கும், பூப்பறிக்கிற நோம்பிக்கும், பொங்கல் காப்புக் கட்டுவதற்கும் வேண்டிய பூ என்று தெரியும், வீட்டில் வைக்கலாம் என்று தோன்றியதில்லை. வடக்கு ஓரத்தில் வரிசையாக விட்டு, இடுப்பு உயரத்துக்குக் கத்தரித்தால் மஞ்சள் பூவோடு அடர்ந்த வேலியாகிறது. ஆடுகளும் அதிகம் கடிப்பதில்லை. விதைத்தோல் கெட்டி, கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஆணிவேர் ஆழமாகப் போகிற செடி என்பதால் பிடுங்கி நட்டால் பிழைக்காது, நிற்க வேண்டிய இடத்திலேயே விதைக்க வேண்டும். அதன் காலடியில் பூளைப்பூ தானாக வந்தது. களை என்று முன்பு பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இதனால் மற்றப் பூக்களை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். டிசம்பர் பூ எங்கள் மண்ணுக்கு அருமையாக ஒத்துக்கொண்டது. மார்கழிக் காலையில் ஊதா, வெள்ளை, இரண்டும் கோடு போட்டது என்று பறிக்கப் பறிக்க வரும். காய் வெடித்து விதை தெறித்து அடுத்த மழைக்குக் கன்றுகள் தானாகக் கிளம்பும். நித்தியகல்யாணி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, செண்டுமல்லி, தொட்டியில் பத்துமணிப்பூ இவையெல்லாம் உப்புத் தண்ணீரைப் பொறுத்துக்கொண்டன. காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் பூ, நன்றாக ஊற்றினால் இலைதான். சத்தியமங்கலம் பக்கத்துச் சம்பங்கிக் காட்டிலிருந்து சொந்தக்காரர் கொடுத்த கிழங்கு இருபதும் பிழைத்தன. அரளியை மட்டும் வைக்கவில்லை. காற்றுக்கு அதைப் போல நிற்கிற செடி இல்லைதான், ஆனால் இலை முதல் வேர் வரை விஷம், வீட்டில் குழந்தை இருந்தது.

குண்டுமல்லி விஷயத்தில் பலர் செய்கிற தவறு கவாத்து செய்யாமல் விடுவது. பச்சைப் பசேலென்று இருக்கிற செடியை வெட்ட மனசு வராது. நவம்பர் கடைசி வாரத்தில், ஒரு வாரம் தண்ணீரை நிறுத்திவிட்டுத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறைத்து வெட்டி, மக்கிய எரு வைத்துத் தண்ணீர் விட வேண்டும். பங்குனியில் கொடுக்கிற பூவைப் பார்த்தால் வெட்டிய வருத்தம் போய்விடும். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மழைக்காலத்திலும் பூ வேண்டுமென்றால் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நட்சத்திர மல்லிகை இருக்கிறது. குண்டுமல்லி ஓய்கிற மாதங்களிலும் எங்கள் வீட்டில் அது நாளுக்கு ஒரு கைப்பிடி தருகிறது.

செவ்வந்தி எனக்குப் பாடமே நடத்தியது. அம்மா கொடுத்த பக்கக் கன்றுகளை வைகாசியில் கிளுவை நிழலில் நட்டு, ஒரு மாதத்தில் நுனி கிள்ளி, புதராக வளர்த்தேன். கார்த்திகை வந்தது, மார்கழி வந்தது, சுவரோரம் இருந்த எட்டுச் செடியில் மொட்டே இல்லை. வீட்டு நிழல் மறைத்த மூன்று செடிகள் மட்டும் பூத்துக் குலுங்கின. ஒரே கன்று, ஒரே எரு. வித்தியாசம் தெருவிளக்கு. செவ்வந்தி இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கிற செடி. அந்த வருஷம் மாட்டிய வெள்ளை எல்.இ.டி. விளக்கு விடிய விடியச் சுவரோரத்தில் விழுந்ததால், இரவு நீண்டதே அவற்றுக்குத் தெரியவில்லை. அடுத்த வருஷம் கிழக்குப் பக்கத் தொட்டிகளுக்கு மாற்றினேன், ஐப்பசிக் கடைசியிலேயே மொட்டு. உங்கள் செவ்வந்தி பூக்காவிட்டால், உரம் வாங்குவதற்கு முன் ராத்திரி ஒருமுறை போய் அதன் பக்கத்தில் நின்று பாருங்கள்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி வரத்தான் செய்யும். இந்தியாவில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தெரியவந்தது 2008இல் கோவையில்தான். அம்மா வீட்டுச் செம்பருத்தியும் பக்கத்துக் காட்டு மரவள்ளியும் வெள்ளை பூத்துப் போனது நினைவிருக்கிறது. 2010இல் ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. அதனால் பூச்சியைக் கண்டதும் விஷ மருந்து அடிப்பதில்லை, குளவியும் சேர்ந்து சாகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலில் கலந்து பொழுதோட அடிக்கிறேன்.

பச்சிலைகளில் திருநீற்றுப்பச்சிலையும் கற்பூரவல்லியும் சொல்லாமலே வளர்ந்தன. துளசியில் பூங்கதிரைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் இரண்டு வருஷம் நிற்கும். புதினா கிழக்கு நிழலில், மழைத்தண்ணீரில் மட்டும். எலுமிச்சைப் புல்லும் வெட்டிவேரும் சமையலறைத் தண்ணீர் போகிற வழியில் நிற்கின்றன. பார்க்க ஒன்றுபோல இருக்கும், இலையைக் கசக்கினால் தெரிந்துவிடும். வெட்டிவேரை ஒரு சாக்கில் மணல் கலந்து நட்டு வையுங்கள். ஒன்றரை வருஷம் கழித்துச் சாக்கைக் கிழித்தால் வேர் அறுபடாமல் முழுதாகக் கிடைக்கும், தரையில் நட்டுத் தோண்டியபோது எனக்குப் பாதி அறுந்துபோனது. மருக்கொழுந்து மட்டும் இன்னும் கைகூடவில்லை. மூன்று முறை நட்டேன், மூன்று முறையும் மாசியைத் தாண்டவில்லை. இந்த ஐப்பசியில் நார்க்கழிவு அதிகம் சேர்த்து, கிளுவையடியில் நான்காவது முறை வைக்கப்போகிறேன்.

போன தை மாதம் உருவிய கொழுக்கட்டை விதை துணிப்பையில் பரணில் இருக்கிறது. எதிர்த்த சைட்டில் வீடு கட்டுகிற அக்கா, புல்தரை போட எவ்வளவு ஆகும் என்று கேட்டார். புரட்டாசிக்கு அதில் பாதியை அவருக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.